கடனுக்கும் சாங்ஷன், நாட்டுக்கும் சாங்ஷனா?

கேள்வி: மகளின் படிப்புக்குக் கேட்ட கடன் ‘சாங்ஷன்’ ஆகிவிட்டதென்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அன்றைய ஆங்கிலப் பத்திரிகையில் ரஷ்யா மீது ‘சாங்ஷன்ஸ்’ என்று தலைப்பு. கொடுப்பதும் தடுப்பதும் எப்படி ஒரே சொல்லாகும்? ‘ஓவர்சைட்’ என்ற சொல்லும் இப்படியே குழப்புகிறது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நல்ல கேள்வி. இரண்டுமே தமக்குத் தாமே எதிர்ப்பொருள் தரும் சொற்கள். ஆனால் அப்படி ஆன வழி வேறு வேறு.

‘சாங்ஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. புனிதமாக்குதல், ஆணையாக உறுதிசெய்தல் என்பது வேர்ப்பொருள். ஆணை என்றால் மீறியவருக்குத் தண்டனையும் உண்டே. ஒரு கிளை அந்தப் பக்கம் போனது. ஆணையிடும் இடத்தில் இருப்பவர்தானே ஒப்புதலும் தருவார். மற்றது அந்த வழியில் வளர்ந்தது. நம் அலுவலகங்களில் ஊன்றியது ஒப்புதல் கிளை. பொதுப்பணித் துறை ஒரு கட்டடம் எழுப்ப ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் சாங்ஷன்’, ‘டெக்னிக்கல் சாங்ஷன்’ இரண்டும் வந்தாக வேண்டும். தண்டனைக் கிளை உலக அரசியலில் தழைத்தது. 1966-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை ரொடீசியா மீது விதித்த பொருளாதாரத் தடைகள் இந்த வகை.

சட்டத்தில்தான் கால் இடறும். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில், அரசு ஊழியர் மீதான வழக்கை நீதிமன்றம் ஏற்பதற்கு முன் ‘சாங்ஷன்’ வேண்டும் என்று வருகிறது. பேச்சு குற்றத்தைப் பற்றியது. சொல் குறிப்பதோ அனுமதியை. இதைத் ‘தடை’ என்று எழுதினால் சட்டமே தலைகீழாகும். பன்மையில் ‘சாங்ஷன்ஸ்’ என்று வந்தால் பெரும்பாலும் தடை நடவடிக்கைதான்.

‘ஓவர்சைட்’ கதை நமக்குப் பழகியது. மேலிருந்து பார்த்தால் மேற்பார்வை. மேலோட்டமாகப் பார்த்தால் கோட்டைவிடுவோம். ‘மேல்’ என்ற ஒன்றே தமிழிலும் இரண்டு வேலை செய்கிறது, பாருங்கள். ஆங்கிலம் வினைச்சொல்லில் இதைப் பிரித்துவைத்திருக்கிறது: கண்காணிப்பது ‘ஓவர்சீ’, கவனிக்கத் தவறுவது ‘ஓவர்லுக்’. சாலை வேலையைப் பார்த்துக்கொள்ளும் நம் ஓவர்சியர் முதலாவதிலிருந்து வந்தவர். பெயர்ச்சொல்லில்தான் இரண்டும் ஒன்றாகிவிட்டன. முன்னால் ‘ஆன்’ சேர்ந்து ‘ஆன் ஓவர்சைட்’ என்று வந்தால் கவனப்பிசகு. ‘ஓவர்சைட் கமிட்டி’ என்றால் கண்காணிப்புக் குழு.

உங்கள் கடிதத்தைப் பற்றி ஒன்று. அதில் ‘சாங்ஷன்’ தொகை என்றிருப்பது வங்கி தர ஒப்புக்கொண்ட தொகை மட்டுமே. பணத்தை விடுவிப்பதற்கு அவர்கள் ‘டிஸ்பர்ஸ்மென்ட்’ என்பார்கள். கல்லூரியில் கட்டணம் கட்டும் தேதிக்குள் அது நடக்குமா என்று கேட்டுவிடுங்கள்.