எண்ணெயும் நீரும் கலந்த எஞ்சின்

விருத்தாசலத்தைப் பழமலைநாதர் கோயிலாலும் மணிமுத்தாற்றாலும் அறிவோர் ஒரு சாரார். பீங்கான் தொழிலால் அறிவோர் மற்றொரு சாரார். அவ்வூரினின்றும் வந்து இக்கல்லூரியில் தமிழ் பயிலும் யாம் மோட்டார் எஞ்சினைப்பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், பீங்கானில் கீறல் காணும் கலைக்கும் எஞ்சினில் கசிவு காணும் கலைக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. சூளையின் அருகே வளர்ந்தார்க்கு அவ்வுறவு எளிதிற் புலனாகும்.

ஈண்டு யாம் ஆராயப் புகுவது பழைய கார்களின் நோய் ஒன்று. உத்தரபாராவில் அம்பாசிடர் செய்தல் 2014ஆம் ஆண்டில் நின்றது; பிரீமியர் பத்மினி அதற்கும் பல்லாண்டு முன்னரே நின்றுபோயிற்று. எஞ்சியுள்ள வண்டிகளை வைத்திருப்போர் செல்வர் மட்டும் அல்லர். வாடகை ஓட்டி வயிறு வளர்த்துப் பின் அவ்வண்டியை விற்க மனமின்றி வைத்திருப்போரும் உளர். இத்தகையார் ஒரு நாட் காலையில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தில் பாலாடைபோல் ஒன்று படிந்திருக்கக் கண்டு திகைக்கின்றனர். ‘கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும்’ என்னும் தீர்ப்பு உடனே பிறக்கின்றது. அத்தீர்ப்புப் பொய்யாயின் ஒரு திங்கள் வருவாய் வீணாகும். மெய்யாயிருந்தும் புறக்கணிப்பின் எஞ்சினே அழியும். ஆதலின் கழற்றுமுன் அறியும் வழிகளைக் காண்போம்.

எஞ்சினுள் மூன்று பொருள்கள் தத்தம் வழியே செல்கின்றன: எண்ணெய், குளிர்விக்கும் நீர், எரியும் வாயு. பிளாக்கின்மேல் ஹெட் பொருந்தும் இடத்தில் இம்மூன்றையும் பிரித்து நிற்பது கேஸ்கெட் என்னும் மெல்லிய தகடு. எஞ்சின் ஓடுங்கால் எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 40 முதல் 60 பவுண்டு வரை இருக்கும்; நீரின் அழுத்தம் 10 பவுண்டை அணுகும், மிகப் பழைய வண்டிகளில் அதனினும் குறையும்; எரிவாயுவின் அழுத்தமோ பல நூறு பவுண்டு. இக்கணக்கை மனத்திற் கொண்டால் பாதி நோய் விளங்கிவிடும். ஓடும்போது எண்ணெய் நீரினுள் புகும். நீர் எண்ணெயினுள் புகாது. எஞ்சினை நிறுத்தியவுடன் எண்ணெயின் அழுத்தம் அற்றுப்போகின்றது. சூடான நீரின் அழுத்தமோ ஆறுமட்டும் நிற்கின்றது. அப்பொழுதுதான் நீர் எண்ணெய்க்குள் இறங்கும். பகலெல்லாம் நன்றாக ஓடிய வண்டி மறுநாட் காலையில் நோயுற்றதுபோல் தோன்றுவதன் காரணம் இதுவே.

நிற்க. மூடியிற் படிந்த வெண்ணுரை எப்பொழுதும் நோயின் குறியன்று. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராகின்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகும். அதன் பெரும்பகுதி புகையோடு வெளியேறினும், சிறுபகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டிக்குள் செல்லும். வண்டி நெடுந்தொலைவு ஓடிச் சூடேறுமாயின் அந்நீர் ஆவியாய்ப் போய்விடும். கோயிலினின்றும் இரயில் சந்திப்புவரையும், அங்கிருந்து கடைத்தெருவரையுமே ஓடும் வண்டியில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில், அது மூடியின் குளிர்ந்த உலோகத்திற் படிந்து எண்ணெயோடு குழைந்து நுரையாகும். இதனைப் பிரித்தறிதல் எளிது. மூடியைத் துடைத்து, எண்ணெய் அளக்கும் கோலை உருவிப் பார்க்க. கோலில் உள்ள எண்ணெய் தெளிவாயிருக்க, மூடியில் மட்டும் நுரையிருப்பின், கடலூர்வரை ஒருமுறை சென்று மீண்டு மறுபடியும் பார்க்க. நுரை மறைந்து, ரேடியேட்டரில் நீரும் குறையாதிருப்பின் அஞ்சுதற்கு ஒன்றுமில்லை. கோலிலேயே எண்ணெய் பால்விட்ட காப்பியின் நிறங் கொண்டிருப்பின், வண்டியை அவ்விடத்தே நிறுத்துக. பேரிங்குகளைத் தாங்கும் எண்ணெய்ப்படலம் நீர் கலந்தவழி தன் வலியை இழக்கும். ஒரு சில மைல் ஓட்டமும் அவற்றைத் தேய்த்துவிடக்கூடும்.

ஐயம் தீராதார்க்கு வேறிரண்டு சோதனைகள் உள. வண்டியை இரவு முழுதும் அசையாது நிறுத்திக் காலையில் சம்ப்பின் அடித்திருகைச் சிறிது தளர்த்தினால், எண்ணெயினும் கனத்த நீர் அடியில் தங்கியிருந்து முதலில் சொட்டும். நுரையாய்க் குழைந்த நீர் இங்ஙனம் பிரியாது. அதற்கு, நீரின் கொதிநிலைக்கு மேல் நன்கு சூடேறிய இரும்புத் தகட்டில் எண்ணெய் ஒரு துளி விடுக. தூய எண்ணெய் அமைதியாய்ப் பரவும். நீர் கலந்தது தாளிக்கும் கடுகுபோல் வெடித்துப் பொரியும்.

ரேடியேட்டரைத் திறந்து பார்ப்போர் முதலில் எஞ்சினை ஆறவிடல் வேண்டும். 10 பவுண்டு அழுத்தத்தில் நீர் ஏறக்குறைய 115 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். மூடி திறந்ததும் அழுத்தம் நீங்க, அந்நீர் ஒருங்கே பொங்கி முகத்தில் பாயும். உள்ளே செந்நிறச் சேறு காணப்படின் அது பெரும்பாலும் துருவே. கிணற்றுநீரையே பல்லாண்டு ஊற்றிய வண்டிகளில் அது மிகுதி. சிறிது எடுத்து ஒரு கோப்பை நீரில் இடுக: துரு கீழே அமிழும், எண்ணெய் மேலே மிதந்து வானவில் நிறங்காட்டும். துருப் பிடியாமைக்கென்று நீரில் கரையும் எண்ணெயை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கமும் உண்டு. அவ்வண்டியின் நீர் பால்போல் வெளுத்திருப்பது இயல்பே. முன்னர் என்ன ஊற்றினீர் என்று உடையவரைக் கேளாது தீர்ப்புக் கூறுதல் தகாது.

இனி, பீங்கானே சான்று கூறும் இடத்திற்கு வருவோம். ஸ்பார்க் பிளக்கின் நடுவிலுள்ள வெண்மையான பகுதி, அலுமினா கலந்து சுட்ட பீங்கான் இனத்ததே. நலமுள்ள எஞ்சினில் அது இளம்பழுப்பு நிறங் கொண்டிருக்கும். நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தால், ஒன்று மட்டும் கழுவி வைத்தாற்போல் வெளுத்திருப்பதுண்டு. நீர் அந்த சிலிண்டருக்குள் கசிந்து, ஆவியாகி, கரியை அகற்றிவிட்டது என்பதற்கு அது சிறந்த அடையாளம். காலையில் முதன்முதல் கிளப்புங்கால் வெண்புகை எழுந்து நெடுநேரம் நில்லாதிருப்பின் இவ்வடையாளம் வலுப்பெறும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அழுத்தம் ஒருங்கே குறைந்திருப்பின், அவ்விரண்டற்கும் இடையே கேஸ்கெட் எரிந்தது என்று கொள்ளலாம்.

வேதியியல் பயிலும் நண்பர்க்கு ஒன்று. எரிவாயு நீரினுள் புகுமாயின் ரேடியேட்டரில் குமிழிகள் இடைவிடாது எழும். அவ்வாயுவைக் குழாய்வழியே தெளிந்த சுண்ணாம்பு நீரிற் செலுத்தினால், கரியமில வாயுவால் அது பால்போல் கலங்கும். புதிதாக ஊற்றிய உப்புநீரும் சூடேறுங்கால் அவ்வாயுவைச் சிறிது விடுமாதலால், பலமுறை சூடாகி ஆறிய நீரிலேயே இச்சோதனையைச் செய்க.

இவ்வளவும் தேர்ந்து, கசிவு உறுதியான பின்னரே ஹெட்டைக் கழற்றுதல் முறை. பத்மினியின் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பினும் ஏறக்குறைய இருமடங்கு விரியும். மேற்பூச்சும் அடிமண்ணும் வேறு வேறு அளவில் சுருங்கினால் பீங்கானின் மேல் நுண்கீறல்கள் ஓடுமன்றோ? அந்நியதியே இங்கும் கேஸ்கெட்டை அரைக்கின்றது, ஹெட்டும் வளைகின்றது. அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சினில் இரண்டும் வார்ப்பிரும்பு. அது எளிதில் வளையாது. ஆனால் கொதித்து நின்ற எஞ்சினில் குளிர்நீரைக் கவிழ்த்தால் வெடிக்கும். ஆறுமுன் திறந்த சூளையில் பாண்டங்கள் பிளப்பதைக் கண்டவர் இக்குற்றத்தைச் செய்யார்.

வெடிப்பைத் தேடும் வழியும் சூளைக்காரர் வழியே. கோப்பையை விரலால் தட்டினால் நல்லது மணிபோல் ஒலிக்கும்; கீறியது மந்தமாய் ஒலிக்கும். வார்ப்பிரும்பு ஹெட்டைத் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டியும் அங்ஙனமே அறியலாம். மெருகிடாத பாண்டத்தின்மேல் மையைத் தடவித் துடைத்தால் கீறல் கருங்கோடாய்த் தெரிவதுபோல, ஹெட்டின்மேல் மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவினால், வெடிப்பிலிருந்து கசியும் எண்ணெய் பொடியை ஈரமாக்கி அதன் வழியைக் காட்டும்.

கேஸ்கெட் மாற்றிய பின்னர், நீர் பட்ட எண்ணெயை வடித்து, மலிவான புது எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, அதனையும் வடித்து, வடிகட்டியை மாற்றி, அதன்பின்னரே நல்ல எண்ணெய் ஊற்றுக. வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைத்தல் ஆகாது. எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த கூலண்ட் இனிப்புச் சுவையுடையது, நஞ்சு. தெருநாய்கள் நக்கி மடியும்.