போனைப் பறித்தால் தொல்லை தீருமா?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர் பாடக்குறிப்புகள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. எமது கிராமங்களில் பல குடும்பங்கள் நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் ஸ்மார்ட் போன் வாங்கின. பாடசாலைகள் திறந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டன. போன் பிள்ளைகளின் கையிலேயே இருக்கிறது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. அதன் வழியே வரும் கேலியையும் மிரட்டலையும் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

நாம் அறிந்த சம்பவம் ஒன்று. தரம் ஒன்பதில் படிக்கும் மாணவி ஒருத்தியின் படத்தை வெட்டி ஒட்டி, பட்டப்பெயரும் எழுதி, வகுப்பு மாணவர்களின் குறூப்பில் யாரோ போட்டுவிட்டார்கள். மறுநாள் அவளுக்கு வயிற்றுவலி. அடுத்த நாள் தலையிடி. "என்ன பிள்ளை, பள்ளிக்கூடத்தில ஏதும் பிரச்சினையோ?" என்று தாய் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. இரண்டு கிழமை கழித்துச் சின்னம்மாவிடம்தான் சொன்னாள். தாயிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா போனைப் பறிச்சுப்போடுவினம், பிறகு ரியூசன் நோட்ஸ் எடுக்கேலாது" என்றாளாம்.

பெற்றோரே, இந்தப் பதிலைச் சற்று யோசித்துப் பாருங்கள். குற்றம் செய்தவன் யாரோ, தண்டனை இவளுக்கு. "நீ ஏன் படம் போட்டனி?" என்று ஏசுவதும் இதைப் போன்றதே. அடுத்த முறை பிள்ளை சின்னம்மாவிடமும் சொல்லாது. ஆகவே முதலில் முழுவதையும் கேளுங்கள். "சொன்னது நல்லது, போனைப் பறிக்க மாட்டன்" என்று வாய்விட்டே சொல்லுங்கள்.

கோபத்தில் எதையும் அழித்துவிட வேண்டாம். அனுப்பியவர் தனது செய்தியை எல்லோருடைய போனிலிருந்தும் நீக்கிவிடக்கூடும். எனவே பெயர், இலக்கம், திகதி தெரியும்படி திரையை உடனே படம் பிடித்து வைக்க வேண்டும். எப்படி என்று பிள்ளைக்கே தெரியும், கேட்பதில் வெட்கமில்லை. அதன் பின்னர் அந்த இலக்கத்தைத் தடை செய்யலாம். பதிலுக்கு ஏசி எழுத வேண்டாம். சக மாணவரின் வேலை என்றால் வகுப்பாசிரியரையும் அதிபரையும் நேரில் காணுங்கள். அந்தப் பையனின் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை பிடித்தால், கதை ஊர் முழுவதும் பரவுவதுதான் மிச்சம்.

ஆபாசப் படம் என்றால் நிலைமை வேறு. அதைப் பிரதி எடுக்கவோ, ஆலோசனை கேட்பதற்காகக்கூட வேறொருவருக்கு அனுப்பவோ கூடாது. போனை அப்படியே பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை எடுப்பதும் பரப்புவதும் 1995ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி குற்றம். "படத்தை வெளியிடுவேன்" என்று மிரட்டுபவருக்குப் பணமோ இன்னொரு படமோ கொடுத்தால் அவர் மேலும் கேட்பார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

வட்ஸ்அப்பின் தனியுரிமைப் பகுதியில், பிள்ளையைக் குறூப்புகளில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் 'எனது தொடர்புகள்' என்று மாற்றிவிட்டால் முன்பின் தெரியாதவர் சேர்க்க முடியாது. இதைப் பிள்ளையோடு சேர்ந்திருந்து செய்யுங்கள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட: எமது பிள்ளையே அந்தப் படத்தைப் போட்ட பிள்ளையாக இருந்தால் நாம் என்ன செய்வோம்?