ஆளுமைப் பண்பும் சமூக ஊடகமும்

ஒரே வகுப்பு, ஒரே வயது, ஏறக்குறைய ஒரே விலைக் கைப்பேசி. ஆயினும் ஒருவன் நாள்தோறும் இன்ஸ்டாகிராமில் படங்களை இட்டுக் குவிக்கிறான்; மற்றொருவனோ அனைத்தையும் பார்த்துவிட்டு ஒரு சொல்லும் எழுதாமல் மூடி வைக்கிறான். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? தாவரவியல் மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என ஆசிரியப் பெருமக்கள் வினவக்கூடும். இலைகளை வகைப்படுத்திப் பழகிய கண், மனிதரையும் வகைப்படுத்த விழைவது இயல்புதானே!

மனித இயல்பை வகுக்க முற்பட்டோர் அகராதியைத்தான் முதலில் புரட்டினர். 1936இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர், மனிதரை வேறுபடுத்திக் காட்டும் ஆங்கிலச் சொற்கள் ஏறத்தாழ 18,000 திரட்டினர். பின்வந்தோர் அவற்றைச் சுருக்கி ஐந்து பண்புகளில் அடக்கினர். அவை புதுமை நாட்டம், கடமையுணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம் என்பன. இவை மாவும் புளியும் போலத் தனி இனங்கள் அல்ல. உயரம், எடை போல எல்லாரிடத்தும் கூடியும் குறைந்தும் இருப்பவை.

கலகலப்பு மிக்கோர்க்கு ஊடகத்திலும் நண்பர்கள் மிகுதி. மனக்கலக்கம் மிக்கோர் கைப்பேசியை விட முடியாமல் தவிப்பதும், கடமையுணர்வு மிக்கோர் அதனைக் கட்டுக்குள் வைப்பதும் பல ஆய்வுகளில் காணப்பட்ட போக்குகள். ஆனால் இத்தொடர்புகள் மெலிந்தவை. ஒருவனைப் பார்த்து முடிவு கட்ட உதவா.

கூச்சமுடையோர் நிலை என்ன? பேச வல்லவனே இங்கும் வளம் பெறுகிறான் என்பர் ஒரு சாரார். நேரில் பேச இயலாதவன் இங்கே ஈடுகட்டிக் கொள்கிறான் என்பர் மறுசாரார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் ஆங்கிலத்தில் ஐயம் கேட்க நா எழுவதில்லை. இரவு பத்து மணிக்கு வாட்சாப் குழுவில் தயங்காமல் கேட்டுவிடுகிறேன். இது என் பண்பா, அன்றி ஆங்கில அச்சமா?

இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. ஃபேஸ்புக்கில் ஒருவர் இட்ட லைக்குகள் 70 கிடைத்தால் நண்பரைவிடவும், 150 கிடைத்தால் குடும்பத்தாரைவிடவும் கணினி அவருடைய ஆளுமையைச் செம்மையாகக் கணிக்கிறது என 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் நிறுவனத்திடம் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலான விவரங்கள் முறையின்றிச் சென்றிருக்கலாம் என 2018இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. நம்மைப் பற்றிய கணிப்பு பிறர் கைக்குப் போகக்கூடியது என்பது அன்று தெளிவாயிற்று.

அந்த ஆய்வில் கணினியின் கணிப்பைச் சரிபார்த்த அளவுகோல், அவரவர் தம்மைப் பற்றி நிரப்பிய வினாத்தாளே. இத்தகைய தாள்களில், 'பலர் நடுவே அதிகம் பேசமாட்டேன்' என்பது போன்ற தொடர்கள் வரும். ஆம், இல்லை என அளவிட்டுக் குறிக்க வேண்டும். எங்கள் ஊர்த் திருவிழாக் கூட்டத்திலா, துறைக் கருத்தரங்கிலா என்று அத்தாள் கேட்பதில்லை. முன்னதற்கு ஒரு விடையும் பின்னதற்கு வேறொரு விடையும் என்னிடம் உண்டு.