பெல்லட் புதுசு, புகைக்கூண்டு பழசு

அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் பெல்லட் கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2021 அக்டோபரில் கொள்கை வகுத்தது. வட சென்னை அனல் மின் நிலையத்துக்கும் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையத்துக்கும் பக்கத்தில் கிடக்கும் அத்திப்பட்டில், அந்தப் பேச்சு மெஸ் அடுப்படி வரை வருவதில் வியப்பில்லை. மரத்தூள், கடலைத்தோல், உமி போன்றவற்றை அழுத்திச் செய்த சின்னத் துண்டுகள்தான் பெல்லட். சவுக்கு விறகு எரிந்த செங்கல் அடுப்பின் வாயில் பெல்லட் பர்னரைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். அதோடு இன்னும் சில நம்பிக்கைகளும் சேர்ந்துகொள்கின்றன.

“புகைக்கூண்டு ஏற்கெனவே இருக்கிறதே, அதுவே போதும்.”

போதாது. தவறு அதிகம் நடக்கும் இடமும் இதுதான். விறகடுப்பின் புகை சூடாக இருப்பதால் தானாக மேலே ஏறும். அதற்காகத்தான் புகைக்கூண்டை அகலமாகக் கட்டினார்கள். பெல்லட் பர்னரில் விசிறி காற்றைத் தள்ளுகிறது. பெரும்பாலான வெப்பம் அண்டாவிலேயே இறங்கிவிடுவதால் வெளியேறும் வாயு அவ்வளவு சூடாக இருப்பதில்லை. அகலமான செங்கல் குழிக்குள் போனதும் அது மேலும் ஆறி, ஏறாமல் தயங்கும். அதிலுள்ள ஈரம் சுவரில் படிந்து கரியோடு சேர்ந்து பிசுபிசுப்பாக ஊறும். விசிறியின் அழுத்தத்தில், சாந்து உதிர்ந்த இடுக்கு எங்கே இருந்தாலும் வாயு அதன் வழியாகச் சமையலறைக்குள் கசியும்.

செய்ய வேண்டியது இது: முதலில் கூண்டைச் சுரண்டிக் கரியை எடுக்க வேண்டும். பிறகு பர்னர் செய்தவர் சொல்லும் அளவில் ஒரு எஃகுக் குழாயைக் கூண்டுக்குள் உச்சி வரை இறக்க வேண்டும். பாதி உயரத்தில் நிறுத்தினால் பயனில்லை. கீழே குழாய்க்கும் செங்கலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தகட்டால் அடைக்க வேண்டும். மேலே மழைத்தொப்பி வைக்க வேண்டும். விலை குறைவென்று ஜி.ஐ. குழாய் வாங்குகிறவர்கள் உண்டு. உள்ளே சூடு, வெளியே எண்ணூர் உப்புக்காற்று என்றால் அதன் துத்தநாகப் பூச்சு எத்தனை நாள் தாங்கும்? கடலோரத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் எஃகு நல்லது.

“புகை தெரியவில்லை, ஆபத்தும் இல்லை.”

நல்ல பெல்லட் சரியான காற்றில் எரிந்தால் கண்ணுக்குப் புகை தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடும் கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. கரன்ட் போய் விசிறி நின்றால், பாதி எரிந்த பெல்லட் இதைத்தான் கக்கும். மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கரன்ட் போகாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. விசிறிக்கு ஒரு பேட்டரி வைத்துவிடுங்கள்.

எரிக்காத பெல்லட்டும் சும்மா இருப்பதில்லை. குவித்து மூடிவைத்த மரப் பெல்லட் மெல்ல ஆக்சிஜனை உண்டு கார்பன் மோனாக்சைடை வெளியிடும். 2006-இல் சுவீடனின் ஹெல்சிங்போர்க் துறைமுகத்தில், பெல்லட் ஏற்றிவந்த கப்பலின் உள்படிக்கட்டில் இறங்கிய ஒருவர் இப்படித்தான் இறந்தார். மெஸ்ஸில் அடுக்கும் பத்து மூட்டைக்கு அந்த அளவு பயம் தேவையில்லை. ஆனால் மூட்டைகளைப் பூட்டிய சின்ன அறையில் அடைத்து, அதே அறையில் ஆளைப் படுக்கவைப்பது கூடாது.

“எல்லாப் பெல்லட்டும் ஒன்றுதான்.”

மரத்தூள் பெல்லட்டில் சாம்பல் மிகக் குறைவு. உமியில் 15 முதல் 20 சதவீதம் வரை சாம்பல்தான். பர்னரின் துளைகளை அடைத்துவிடும். நனைந்தால் எந்தப் பெல்லட்டும் மறுபடி தூளாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

“சிலிண்டரைவிட நிச்சயம் லாபம்.”

கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு கிலோ எல்.பி.ஜி. ஏறக்குறைய 11,000 கிலோகலோரி தரும். பெல்லட் 4,000 அளவில் தரும். 19 கிலோ சிலிண்டருக்கு ஈடாகக் குறைந்தது 50 கிலோ பெல்லட் வேண்டும். உள்ளூர் விலையில் இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். பெல்லட் விலையும் நிலையாக நிற்காது. பி.பி. நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஊர்ஜா’ பெல்லட் அடுப்பு, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்களில் சுமார் 4 லட்சம் வீடுகளுக்குப் போனது. கழிவாகக் கிடந்த பொருளுக்கு ஆலைகளும் போட்டியிட்டதும் பெல்லட் விலை ஏறியது, வீடுகள் அடுப்பைக் கைவிட்டன, அப்போது அதை விற்றுவந்த நிறுவனம் ஓட்டல் சமையலறைகளின் பக்கம் திரும்பியது. இப்போது அதே பெல்லட்டுக்கு அனல் மின் நிலையங்களும் வரிசையில் நிற்கின்றன. விறகுக்கே திரும்ப நேரலாம் என்பதால், அடுப்பை மாற்றும்போது பழைய விறகு வாயைச் சிமென்ட் வைத்து அடைக்காமல், கழற்றக்கூடிய தகடு போட்டு வைக்கச் சொல்லுங்கள்.