மின்சாரத்தின் மதகு

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகாலுக்கும் தென்காலுக்கும் தாமிரபரணித் தண்ணீர் மதகுகளின் வழியே செல்கிறது. மதகைத் தூக்கினால் நீர் பாயும், இறக்கினால் நிற்கும். நம் பக்கத்து வாழையும் நெல்லும் கருகாமலும் அழுகாமலும் விளைய அந்தக் கட்டுப்பாடே காரணம். மின்சாரத்திற்கும் இத்தகைய மதகு ஒன்று உண்டு. அதுவே குறைக்கடத்தி.

குறைக்கடத்தி என்றால் என்ன?

செம்பு மின்சாரத்தை எளிதில் கடத்தும், ரப்பர் கடத்தாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை சிலிக்கான், ஜெர்மானியம் முதலியன. தூய சிலிக்கானில் மிகச் சிறிதளவு பாஸ்பரஸைச் சேர்த்தால் எலெக்ட்ரான்கள் மிகுதியாகும். இது என்-வகை. போரானைச் சேர்த்தால் எலெக்ட்ரான்கள் இருக்க வேண்டிய இடங்கள் காலியாகும். இது பி-வகை. இரண்டையும் இணைத்தால், மின்சாரத்தை ஒரே திசையில் செல்லவிடும் டயோடு கிடைக்கும். மூன்று அடுக்காக அமைத்தால், சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரு மின்னோட்டத்தைத் திறக்கவும் மூடவும் வல்ல டிரான்சிஸ்டர் ஆகும்.

நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தால் மின்காந்த அலைகளை உணரும் கருவி செய்து 1904-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் டிரான்சிஸ்டர் உருவாயிற்று. அதற்காகப் பார்டீன், பிராட்டைன், ஷாக்லி ஆகிய மூவரும் 1956-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று நகத்தளவுள்ள ஒரு சில்லில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்குகின்றன.

வாகனங்களில்

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவது மாறுதிசை மின்சாரம். அதை நேர்திசையாக்கிப் பேட்டரிக்கு அனுப்புபவை டயோடுகளே. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களிலும் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை ஒரு சிறு கணிப்பொறியே முடிவு செய்கிறது. காரில் மோதலை நொடிப்பொழுதில் உணர்ந்து காற்றுப்பையை விரியச் செய்வதும் சிலிக்கான் உணரியே. தூத்துக்குடி அருகே சில்லாநத்தத்தில் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் ஆலையில் உருவாகும் மின்சாரக் கார்களில், பேட்டரியின் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி மோட்டாரைச் சுழற்றுபவையும் குறைக்கடத்திகளே.

ஆனால் இந்த நுண்கருவிகளுக்குத் தண்ணீர் பகை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஏரலும் சுற்றியுள்ள ஊர்களும் வெள்ளத்தில் தனித்தீவுகளாயின, வாகனங்கள் மூழ்கின, செல்பேசிகள் ஓய்ந்தன. மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்தால் எஞ்சினும் கெடும். மின்னணுக் கருவிகளும் கருகும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை. இதை வீட்டிலுள்ளோருக்கும் நாம் சொல்லி வைக்க வேண்டும்.

அன்றாட வாழ்வில்

பி, என் வகைகள் சேரும் சந்திப்பில் மின்சாரம் பாய்ந்து ஒளி பிறந்தால் அது எல்.இ.டி. விளக்கு. அதே போன்ற சந்திப்பில் சூரிய ஒளி விழுந்து மின்சாரம் பிறந்தால் அது சூரிய மின்கலம். நெல்லையை அடுத்த கங்கைகொண்டானில் 2025 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்ட டாட்டா பவர் தொழிற்சாலை, ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்குச் சூரிய மின்கலங்களும் பலகைகளும் செய்யும் திறனுடையது. அங்கே பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள் என்பது நமக்கு ஊக்கம் தரும் செய்தி.

நம் கடமை

2021-இல் உலகெங்கும் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதமே இயலும் என மாருதி சுசூகி நிறுவனம் அறிவித்தது. இரும்பும் டயரும் இருந்தும், நகத்தளவுப் பொருள் இல்லாததால் கார்கள் நின்றன. மொகாலியில் 1984-இல் சில்லு உற்பத்தியைத் தொடங்கிய நம் நாட்டு ஆலையை 1989-இல் தீ அழித்தது. அதனால் நாம் பின்தங்கினோம். இப்போது குஜராத்தின் தொலேராவில் பெரிய சில்லு ஆலைக்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது.

மதகு பிறர் கையில் இருந்தால் நம் வயலுக்கு நீர் எப்போது வரும் என்பது நம் விருப்பப்படி நடவாது. எனவே தோழியரே, மின்னியல் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படியாமல், செய்து பார்க்கும் ஆர்வத்தோடு படிப்போம். மணலிலும் இத்தனை ஆற்றலை வைத்த இறைவன், அதை அறியும் அறிவையும் நமக்குத் தந்திருக்கிறார். அதனை மக்கள் நலனுக்கே பயன்படுத்துவோம்.