டார்ச் வெளிச்சத்தில் தெரியும் புள்ளிகள்

முதல் புட்டியை வாங்கி வந்த அன்று, இதை எழுதுகிறவருக்குப் பொறுமை இல்லை. பட்டப்பகல் போல விளக்கு எரிந்த பவளத் தொட்டியில் மூடியைத் திறந்து மொத்தமாகக் கவிழ்த்தார். இரண்டு கோமாளி மீன்களும் ஒரு டேம்செல் மீனும் பந்திக்கு முந்திக்கொண்டன. மிச்சத்தை மோட்டார் இழுத்து வடிகட்டிப் பையில் தள்ளியது. ஒரு மாதம் கழித்துத் தேடியபோது கண்ணாடியில் ஒரு புள்ளிகூட இல்லை.

அந்தப் புட்டியில் இருந்தவை கோப்பிபாடுகள். இறால், நண்டு வம்சத்தின் தூரத்து உறவு; பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றியே உருவம். கிரேக்கத்தில் பெயருக்குத் துடுப்புக்கால் என்று பொருள். பாசிப் படலம், மீன் கழிவு, தின்னாமல் கிடக்கும் தீனி என எல்லாவற்றையும் மேயும். பிறகு மீனுக்கும் பவளத்துக்கும் தானே இரையாகும்.

இவற்றை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? ஒரு காலத்தில் இவை பாறையோடு சேர்ந்தே வந்தன. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள கடற்பாறையும் காற்றுக் குமிழியும் போதும் என்று தொட்டி அமைத்து, 1961-ல் அதைப் பற்றி எழுதினார். பாறை இடுக்கிலிருந்த புழுவும் பூச்சியும் பாக்டீரியாவும் பாதி வேலையைப் பார்த்துக்கொண்டன. நம் ஊரில் அந்த வழி கிடையாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல், தேசியப் பூங்கா. கல் பவளங்களுக்கு 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் கடும் பாதுகாப்பு உண்டு. கடலுக்குப் போய்ப் பாறை பெயர்த்து வரும் யோசனையே வேண்டாம். ஆகவே காய்ந்த பாறைதான். அதில் உயிரே இராது. குடியேற்றுவது நம் பொறுப்பு.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பரிசோதனையில் பூஜ்யம் காட்டும் வரை காத்திருந்தார். அதையொட்டியே பாறையில் பழுப்பு நிறத்தில் டயட்டம் பாசிப் படலம் படிந்தது. புதுத் தொட்டிக்காரர்கள் பதறிப்போய்த் தேய்த்துக் கழுவுகிற அந்த அழுக்குதான் கோப்பிபாடுக்குக் கல்யாண விருந்து. மீன்கள் தற்காலிகமாக வேறு தொட்டிக்குப் போயின. வாய்களுக்கு முன்னால் குடிகள் வந்துசேர வேண்டும் என்பது கணக்கு.

புட்டியை இருபது நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தினார். உப்பு அளவில் பெரிய வித்தியாசம் இருந்ததால் தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார். விளக்கு அணைந்த பிறகு மோட்டாரையும் கழிவை நுரையாக நீக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்தி, புற ஊதா விளக்கையும் அணைத்து, குழாய் வழியாகப் பாறை இடுக்குகளுக்குள் மெதுவாக இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் மட்டும் ஓடியது, மற்றவை மறுநாள்தான். புட்டியில் கால் பங்கு, கீழே வடிகட்டித் தொட்டியான சம்ப்பில் பந்து போல் வளரும் கீட்டோ பாசிக்குள் போனது. மேலே எத்தனை பறிபோனாலும் மீன் எட்டாத அந்த மூலையில் விதை மிஞ்சும்.

எந்த இனம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. டிஸ்பே தரையோடும் பாறையோடும் ஒட்டி வாழும். குடும்பம் நடத்த அதுவே ஏற்றது. சிவந்த டிக்ரியோபஸ் உருவில் பெரிது, கண்ணில் படும், சீக்கிரம் தின்னப்படும். இரண்டும் கலந்த புட்டி கிடைத்தால் நல்லது. நானோகுளோராப்சிஸ் போன்ற மிதவைப் பாசி நீரை அவ்வப்போது சிறிதளவு ஊற்றலாம்; அளவு மீறினால் நீர்தான் கெடும்.

மூன்றாம் வாரம், இரவு பதினொரு மணிக்கு டார்ச்சோடு தொட்டி முன் குந்தியிருந்தவரைப் பார்த்து, "ஏங்க, திருடன் வந்துட்டான்னு நெனச்சிட்டேன்" என்றார் வீட்டம்மா. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளின. துள்ளினால் கோப்பிபாடு, வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் தட்டைப்புழு என்று சந்தேகப்படலாம்.

அதற்குப் பிறகுதான் மீன்கள் திரும்பின. வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து கொடுப்பதானால் தனித் தொட்டியில் மட்டுமே. பிரதான தொட்டியில் ஊற்றினால் இந்தக் குடியிருப்பே அழியும். மான்டரின் மீன் நாள் முழுக்கக் கோப்பிபாடுகளைக் கொத்திக்கொண்டே இருக்கும் பிராணி. இளம் தொட்டியில் விட்டால் பட்டினியால் மெலிந்து சாகும். கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். தொட்டிக்கு எட்டு மாதம் ஆகிறது, மான்டரினுக்கான இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.