மாவில்லா வேர்க்கடலை பிஸ்கட்



பிஸ்கட் என்றவுடன் மைதா மாவும் வெண்ணெயும் நம் நினைவுக்கு வரும். அவை இரண்டும் இல்லாமலே வேர்க்கடலையைக் கொண்டு பிஸ்கட் செய்யலாம் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? கடலை பிஸ்கட் அமெரிக்க இல்லங்களில் நெடுநாளாகச் செய்யப்படும் பண்டம். அந்நாட்டு வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், கடலையைச் சமைக்கும் 105 வழிகளைக் கூறும் கையேடு ஒன்றை 1916-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதில் கடலை பிஸ்கட்டும் இடம்பெற்றது.

தேவையான பொருட்கள்:
வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை - 250 கிராம்
சர்க்கரை - 200 கிராம்
முட்டை - 1
உப்பு - ஒரு சிட்டிகை

செய்முறை:
கடலையை மிக்ஸியில் விட்டுவிட்டு அரைக்கவும். முதலில் பொடியாகும், பின்பு எண்ணெய் கசிந்து வெண்ணெய் போலக் குழையும். தண்ணீர் சேர்க்கக் கூடாது. சூடு ஆறியதும் சர்க்கரை, உப்பு, முட்டை சேர்த்துப் பிசையவும். சிறு உருண்டைகளாக உருட்டித் தட்டில் இடைவெளி விட்டு வைத்து, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தவும். 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் 10 முதல் 12 நிமிடம் வேகவிடவும். வெளியில் எடுத்தவுடன் மெதுவாக இருக்கும். உடனே தொட்டால் உடைந்துவிடும். ஆறினால் இறுகும்.

காரணம் என்ன?
கடலையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். கால் பங்கு புரதம். அந்த எண்ணெயே வெண்ணெயின் வேலையைச் செய்கிறது. முட்டையின் புரதம் சூட்டில் இறுகி அனைத்தையும் பிணைக்கிறது. முள்கரண்டிக் கோடுகளும் அழகுக்காக மட்டும் அல்ல. இந்தக் கெட்டியான உருண்டை தானாகப் பரவாது. தட்டையாக்கினால்தான் உள்ளும் புறமும் ஒன்றாக வேகும்.

இரண்டு எச்சரிக்கைகள்:
1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டறிந்தனர். வறுத்தாலும் இந்நஞ்சு முழுவதும் அழியாது. ஆகவே பூஞ்சை பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலைகளைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

மற்றொன்று, சிலருக்குக் கடலை ஒவ்வாது. அவர்களுக்கு ஒரு துணுக்குகூட மூச்சடைப்பை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். "கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்துவது அன்பாகாது.

செய்து பாருங்கள் தோழியரே! பொறுக்கும்போது கண் இருக்கட்டும், பிறருக்குக் கொடுக்குமுன், "கடலை உனக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்க மறவாதீர்கள்.